தில்லித் தமிழர் வீடு தேடிய வரலாறு

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் விலாசத்தைக் கேட்டால் போதும். அக்குடும்பம் இந்நகருக்கு எந்தக் காலத்தில் வந்தது, வீட்டுத் தலைவர் எத்தகைய உத்தியோகம் பார்த்தார், வீடு வாங்கும் வேளையில் அவர் கையில் எவ்வளவு இருந்தது என்பவற்றை ஓரளவு சொல்லிவிடலாம். கரோல் பாக் என்றால் ஒரு காலம்; முனிர்க்கா என்றால் மற்றொரு காலம்; ஜனக்புரி, மயூர் விஹார், துவாரகா என ஒவ்வொரு பெயரும் ஒரு தலைமுறை செய்த முடிவைக் குறித்து நிற்கின்றது. நம்மவர் தலைநகரில் சங்கம் கண்டதும், பள்ளி கண்டதும், ஆலயம் எழுப்பியதும் ஆண்டு மலர்கள்தோறும் பேசப்படுகின்றன. அளவான சம்பளத்தை வைத்துக்கொண்டு எந்தப் பேட்டையில் வீடு வாங்குவது என்று அவர்கள் கணக்குப் போட்ட கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

1911ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய நகரம் கட்டி முடிந்து திறப்பு விழாக் கண்டது 1931இல். இடைப்பட்ட ஆண்டுகளிலேயே சென்னை மாகாணத்துப் பட்டதாரிகளும், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்களும் இங்கு வரத் தொடங்கிவிட்டனர். கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று அலுவலகங்களே இடம் பெயர்ந்த காலம் அது. அத்தகைய நாடோடி உத்தியோகத்தில் இருப்பவனுக்குச் சொந்த வீடு என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? அரசாங்கம் கோல் மார்க்கெட்டைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்தது. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். சைக்கிள் இருந்தால் இன்னும் விசேஷம். பிள்ளைகளுக்குத் தாய்மொழி வேண்டும் என்று அக்காலத்துப் பெரியோர் தொடங்கிய கல்விக் கழகமே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. அதன் பள்ளிகளுள் ஒன்று அன்று ரீடிங் ரோடு என்றும் இன்று மந்திர் மார்க் என்றும் வழங்கும் சாலையில், குவார்ட்டர்ஸ்களுக்கு அருகிலேயே அமைந்தது. வீடு, அலுவலகம், பள்ளி மூன்றும் ஒரு கல்லெறி தூரத்தில் இருந்த அந்த வாழ்க்கைதான் பிறகு வந்த எல்லாத் தலைமுறைக்கும் அளவுகோல் ஆயிற்று. வீடு தேடிய ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே கோல் மார்க்கெட்டைத்தான் தேடினர்.

குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கரோல் பாக். கன்னாட் பிளேஸ் எழும்புவதற்காக அப்புறப்படுத்தப்பட்ட சிற்றூர் மக்களை 1920களில் குடியேற்றிய பகுதி அது. நாடு பிரிவினை கண்ட பின்னர் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் அங்கே திரண்டனர். 1941இல் ஒன்பது லட்சத்துச் சொச்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் பதினேழு லட்சத்தைத் தாண்டியது என்றால், ஓர் அறைக்கு எத்தனை பேர் போட்டியிட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இழந்ததை மீட்கத் துடித்த பஞ்சாபியர் மாடிமேல் ஓர் அறை எழுப்பினர். அதன் பெயர் பர்சாத்தி. கோடையில் கொதிக்கும், குளிரில் நடுங்கும் அந்த அறைகளில் மாத வாடகை தவறாத மதராசிக்கு நல்ல மதிப்பு இருந்தது. காப்பிப் பொடியும் அப்பளமும் கிடைக்கும் கடைகள் வந்தன. நடுத்தரத் தமிழர்க்குக் கரோல் பாக் ஒரு மாம்பலம் ஆயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழும். 1950களில் தில்லியில் மனை மலிவாகவே இருந்தது. 1946இல் தோன்றிய டி.எல்.எஃப். போன்ற தனியார் நிறுவனங்கள் கிழக்கே கிருஷ்ண நகரையும், தெற்கே சவுத் எக்ஸ்டென்ஷன், ஹௌஸ் காஸ் முதலியவற்றையும் மனை போட்டு விற்றன. அன்று நம்மவர் ஏன் பெருவாரியாக வாங்கவில்லை? இன்றைய இளைஞர் சிலர் இதனைத் தாத்தாக்களின் அறியாமை என்று கேலி செய்வதுண்டு. அக்கேலி நியாயமன்று. அரசாங்க ஊழியர் அன்று ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றனர். கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ திருநெல்வேலியிலோ பூர்வீக வீடு ஒன்று இருந்தது. அதற்கு ஓடு மாற்றவும், தங்கைமாரின் திருமணத்துக்கும், தம்பியின் படிப்புக்கும் மாதந்தோறும் மணியார்டர் போயிற்று. தில்லி பிழைக்க வந்த ஊர். ஊர் என்பது வேறு. இந்தக் கணக்கில் தில்லியில் மனை வாங்குவதற்கு இடமே இல்லை.

கணக்கு மாறியது 1960களில்தான். 1962இல் ஓய்வு வயது ஐம்பத்தெட்டாக உயர்ந்தது. அதற்குள் பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலையும் தேடிக்கொண்டனர். ஊர் வீட்டில் பங்காளிகள் பெருகினர். பல வீடுகள் விற்பனையாயின. ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை. பல ஆண்டு வாழ்ந்த வினய் நகரிலிருந்தோ லோதி காலனியிலிருந்தோ சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கே போவது? வீட்டுத் தேட்டம் உண்மையில் தொடங்கியது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

ஆனால் கேள்வி பிறந்த நேரத்தில் கதவு சாத்தப்பட்டுவிட்டது. 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம், அதாவது நாம் டி.டி.ஏ. என்று அழைப்பது, சட்டத்தின்வழி அமைந்தது. 1959 நவம்பரில் சுமார் 34,000 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்த அறிவிக்கை வெளியாயிற்று. 1961இல் வகுத்த திட்டத்தின்படி நிலத்தை வாங்குவதும், சீர்செய்வதும், விற்பதும் ஆணையத்தின் தனி உரிமையாயின. தனியார் மனை வணிகம் ஓய்ந்தது. ஏழைக்கும் நடுத்தரத்தாருக்கும் நிலம் எட்ட வேண்டும் என்பதே நோக்கம். நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. நிலம் ஒரே கையில் சேர்ந்தபின் அது மெல்லத்தான் வெளிவந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆணையம் வீடு கட்டத் தொடங்கியதே 1967இல்தான்.

இதற்கிடையே இராமகிருஷ்ணபுரத்தில் புதிய குவார்ட்டர்ஸ்கள் வரிசை வரிசையாக எழுந்தன. தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைந்தன. தமிழ்ப் பள்ளி வந்தது; 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் வந்தது; குன்றின்மேல் சுவாமிநாதனுக்கு ஆலயம் எழும்பி 1973இல் குடமுழுக்குக் கண்டது. கோல் மார்க்கெட் வாழ்க்கை மீண்டும் ஒருமுறை ஓரிடத்தில் கூடிவந்தது. ஆகவே அதற்கு ஒட்டினாற்போல் முனிர்க்காவில் டி.டி.ஏ. அடுக்கு வீடுகள் வந்தபோது நம்மவர் அவற்றை விரும்பி நாடியதில் வியப்பில்லை. பள்ளி மாறாது, கோயில் மாறாது, பஸ் எண் கூட மாறாது. கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் சிலரே.

மற்றவர்களின் கணக்கைப் புரிந்துகொள்ளப் பணம் வந்த வழியை அறிய வேண்டும். 1956 முதல் மத்திய அரசு தன் ஊழியர்க்கு வீடு கட்டும் முன்பணம் வழங்கி வருகிறது. சம்பளத்தின் இத்தனை மடங்கு என்று உச்சவரம்பு உண்டு. வட்டி தனிவட்டி. அசலை 180 தவணைகளுக்கு மிகாமல் முதலில் கட்டி முடித்து, அதன்பின் வட்டியை 60 தவணைகளுக்கு மிகாமல் கட்ட வேண்டும். ஆக இருபது ஆண்டுக் கடன். முப்பத்தெட்டு வயதில் வாங்கினால் சம்பளத்திலேயே அடைந்துவிடும். நாற்பத்தெட்டில் வாங்கினால் தவணை பெருகும். மீதியைப் பணிக்கொடையில் பிடித்துக்கொள்வார்கள். மகள் திருமணத்துக்கென்று எந்தப் பணிக்கொடையை நம்பியிருந்தார்களோ அதுதான் பெரும்பாலும் வீட்டுக்குப் போயிற்று. எஞ்சிய துண்டுக்குச் சேமநிதி இருந்தது, ஆயுள் காப்பீட்டுக் கடன் இருந்தது, இறுதியில் அம்மாவின் வளையல்கள் இருந்தன. நம் வீடுகளின் அஸ்திவாரத்தில் எத்தனை சவரன் கிடக்கின்றது என்று எந்த மலரும் கணக்கெடுத்ததில்லை.

1979இல் டி.டி.ஏ. புதிய பதிவுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. நடுத்தர வருவாய்ப் பிரிவில் பதிவு செய்ய 4,500 ரூபாய் கட்ட வேண்டும். எல்லாப் பிரிவும் சேர்ந்து 1,71,000 பேருக்கு மேல் பதிந்தனர். இருபது ஆண்டு கடந்தும் வீடு கிடைக்காமல் காத்திருந்தவர்கள் அவர்களில் உண்டு. பதிந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகன் பட்டம் பெற்று வேலைக்குப் போன பின்பு ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த வீடுகள் நம் நடுவிலும் இருக்கின்றன. இதில் நம் பொருளுக்கு முக்கியமானது வேறொன்று. வீடு எங்கே என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. இராமகிருஷ்ணபுரத்தில் வேரூன்றியவருக்கு ரோகிணியில் விழும். கரோல் பாக்கில் இருப்பவருக்கு தில்ஷாத் கார்டனில் விழும். பேட்டையைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

எனினும் மனிதர்கள் வழி கண்டுபிடித்தனர். தமக்கு விழுந்ததை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, தாம் விரும்பிய இடத்தில் வேறொருவருக்கு விழுந்ததை வாங்கிக்கொண்டனர். ஒதுக்கீட்டு வீடுகள் குத்தகை நிலத்தில் இருந்தமையால் முறையான விற்பனைக்குத் தடைகள் பல. ஆகவே அதிகாரப் பத்திரம் எழுதிக் கைமாற்றினர். பவர் பத்திர வீடு விலை மலிவு. ஆனால் அரசாங்க முன்பணம் வேண்டுமென்றால் வீட்டை அரசுக்கு அடமானம் வைக்கத் தெளிவான உரிமை வேண்டும். பவர் பத்திரத்துக்கு அது கிடைக்காது. விலை குறைந்த வீட்டைக் கையில் ரொக்கம் உள்ளவர் வாங்கினார். முன்பணத்தை நம்பிய குமாஸ்தா விலை கூடிய வீட்டைத் தேட நேர்ந்தது. சிக்கனத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. 1992 முதல் குத்தகையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள அரசு வழி செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று தீர்ப்பளித்தபோது, பழைய காகிதங்களை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்காத தெரு தில்லியில் இருந்திருக்காது.

இனி ஆற்றைக் கடப்போம். 1980களில் நம்மவர் பெருந்திரளாகச் சென்று சேர்ந்த இடங்களுள் தலையாயது யமுனைக்குக் கிழக்கே உள்ள மயூர் விஹாரும் அதனை அடுத்த பட்பர்கஞ்சும் ஆகும். 1803இல் ஜெனரல் லேக்கின் படை மராட்டியப் படையை வென்ற போர்க்களம் அது என்பதை வீடு பார்க்கப் போனவர்கள் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர்கள் நினைத்தது வெள்ளத்தை. 1978 செப்டம்பரில் யமுனை பழைய இரும்புப் பாலத்தில் 207.49 மீட்டர் உயர்ந்து, வடதில்லியில் மாடல் டவுன் வரை நீர் புகுந்தது. அந்த நினைவு ஆறுமுன்னரே ஆற்றோரம் வீடு என்றால் யார் துணிவர்? இன்னொரு தயக்கமும் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், நகருக்குள்ளிருந்து குடிசைகளை அகற்றி அம்மக்களைத் திரிலோக்புரி, கல்யாண்புரி முதலிய இடங்களில் குடியேற்றியிருந்தனர். அவற்றுக்குப் பக்கத்தில் குடியிருப்பதா என்று மேல்தட்டு உத்தியோகஸ்தர்கள் முகம் சுளித்தனர். 'ஜம்னா பார்' என்ற சொல்லே தெற்குத் தில்லிக்காரர் வாயில் ஒரு வசவு போல ஒலித்தது.

அந்த ஏளனந்தான் விலையைக் குறைத்து வைத்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்களுக்கு வேறொரு செய்தி தெரிந்தது. மத்தியச் செயலகத்திலிருந்து மயூர் விஹார் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். ரோகிணி இருபதைத் தாண்டும். பின்னாளில் வந்த துவாரகாவும் இருபதை ஒட்டியதே. ஆறு குறுக்கே ஓடியதால் அண்மை சேய்மையாகத் தோன்றிற்று. அலுவலகத்துக்குப் போகும் சார்ட்டர்டு பஸ் நிஜாமுதீன் பாலத்தைத் தாண்டி எவ்வளவு நேரத்தில் கொண்டுவிடும் என்று சோதித்துப் பார்த்து முடிவு செய்தவர்களே அங்கு வாங்கினர். அவர்களுடைய கணக்குச் சரியாக இருந்தது என்பதே நம் கருத்து. ஒரு பேட்டையின் பெயரை அதன் இன்றைய மதிப்பாகக் கொள்ளாமல், அலுவலக வாசலிலிருந்து திரும்பி வரும் வழியை அளந்தார்கள் அவர்கள்.

டி.டி.ஏ. வீடுகளுடன் கூட்டுறவுக் குழுவீட்டுச் சங்கங்களும் அங்கே எழுந்தன. ஒரே அமைச்சகத்தில், ஒரே வங்கியில், ஒரே பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்வோர் சேர்ந்து சங்கம் பதிவு செய்து, ஆணையத்திடம் நிலம் பெற்று, தவணை தவணையாகப் பணம் போட்டுக் கட்டிய அடுக்குகள் அவை. குலுக்கல் இங்கும் உண்டு. ஆனால் எந்த மாடி என்பதற்கு மட்டும். அண்டை வீட்டார் யார் என்பதை முன்கூட்டியே அறிந்து வாங்கும் வாய்ப்பு தில்லியில் வேறெங்கும் இருந்ததில்லை. சிமெண்ட் விலை ஏறும், ஒப்பந்தக்காரர் ஓடிப்போவார், பொதுக்குழுவில் சண்டை மூளும். ஐந்தில் முடியும் என்றது பத்தில் முடியும். முன்பணத் தவணையும் வாடகையும் சேர்ந்து பிடித்த அந்த இரட்டைச் சுமையை எப்படித் தாங்கினார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நெடுங்காலம் நடத்திவந்த ஏழு பள்ளிகளும் ஆற்றுக்கு மேற்கேதான் இருந்தன. மயூர் விஹாரில் வீடு வாங்கியவர் பிள்ளையை லோதி எஸ்டேட் பள்ளிக்குப் பஸ் ஏற்றி அனுப்ப வேண்டும். இல்லையேல் வீட்டருகே உள்ள பள்ளியில் சேர்த்துத் தமிழை வீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பலர் இரண்டாவதைத் தேர்ந்தனர். அவர்களைக் குறை கூறுவது எளிது. ஜனவரி மாதப் பனிமூட்டத்தில் ஆறு வயதுக் குழந்தையை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அனுப்பிப் பார்த்தவர்கள் கூறமாட்டார்கள். ஜனக்புரியில் வாங்கியவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. அங்கே கழகத்தின் பள்ளி ஒன்று உண்டு. அலுவலகம் தூரம், பள்ளி பக்கம் என்பது ஜனக்புரி. அலுவலகம் பக்கம், பள்ளி தூரம் என்பது மயூர் விஹார். ஒரே சம்பளம் வாங்கிய இரு நண்பர்கள் இவ்விரண்டில் ஒவ்வொன்றை வாங்கினர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டால் சில வேளைகளில் வேறுபாடு தெரிகிறது.

கோயிலைப் பொறுத்தமட்டில் ஆற்றுக்கு அப்பால் போனவர்கள் நெடுநாள் காத்திருக்கவில்லை. மயூர் விஹாரில் உத்தர குருவாயூரப்பன் ஆலயம் எழுந்தது. மலையாள அன்பர்கள் முன்னின்றனர், நம்மவரும் சேர்ந்துகொண்டனர். ஆலயம் வந்ததும் பூக்கடை வந்தது, வாழையிலை வந்தது, இட்லி மாவு வந்தது. 2009இல் மெட்ரோ ரயில் ஆற்றைக் கடந்து மயூர் விஹார் வழியாக நொய்டாவுக்குச் சென்றது. அதன்பின் விலை ஏறிய வேகத்தில், ஜம்னா பார் என்று ஏளனம் செய்தவர்களின் பிள்ளைகளே அங்கு வாங்க இயலாது நொய்டாவுக்கும் அதற்கு அப்பாலும் போயினர். 1976இல் உத்தரப் பிரதேச அரசு நிறுவிய நொய்டாவில் இன்று நிலவும் விலையும், கட்டி முடிக்கப்படாத அடுக்குமாடிகளில் பணத்தைப் போட்டுவிட்டுத் தவித்தவர்களின் கதையும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

வெள்ளம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 2023 ஜூலை 13ஆம் நாள் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டு 1978ஆம் ஆண்டின் அளவை முறியடித்தது. மயூர் விஹார் வீடுகளைக் கரை காத்தது. கரைக்கும் ஆற்றுக்கும் இடையே காய்கறி பயிரிட்டு நமக்கு விற்றுவந்த உழவர் குடும்பங்கள் வீடிழந்து, நம் காலனிச் சாலையோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கின.

இதுகாறும் சொன்னதெல்லாம் சிறிதேனும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்களின் வரலாறு. அது முழு வரலாறு ஆகாது. ஜங்புராவை அடுத்து பாராபுல்லா வடிகாலின் கரையில் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து, அக்கம்பக்கத்துக் காலனிகளில் வீட்டுவேலையும் சமையலும் வண்டியோட்டும் தொழிலும் செய்த மக்கள் அங்கே வாழ்ந்தனர். அவர்களும் ஒருவகையில் பேட்டையைத் தேர்ந்தெடுத்தவர்களே. வேலை நடந்து போகும் தூரத்தில். பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளி லோதி எஸ்டேட்டில். தெருவெல்லாம் நம் மொழி. செயலகத்துக் குமாஸ்தா முன்பணமும் சேமநிதியும் கொண்டு தேடியவற்றை அவர்கள் வடிகால் கரையில் காசில்லாமல் அமைத்துக்கொண்டனர். வடிகாலைத் தூர்வாரத் தடையாக இருப்பதாகக் கூறி, நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 370 வீடுகளில் சரிபாதி அளவுக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. அந்த மாற்று வீடுகள் வடகோடியில் உள்ள நரேலாவில், சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால், டி.டி.ஏ. கட்டிய அடுக்குகளில் இருக்கின்றன. வேலைக்கு எப்படிப் போய் வருவது என்று அவர்கள் கேட்டனர். பிள்ளைகள் அங்கே எந்தப் பள்ளியில் தமிழ் படிப்பார்கள் என்றும் கேட்டனர்.